எனக்குப் பிடித்த புத்தகம், சினிமா, பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லியில் எந்தத் தமிழ்க் கூட்டம் முடிந்தாலும், காபி குடிக்கும் இடத்தில் யாராவது ஒருவர் என்னிடம் இந்தக் கேள்விகளைக் கேட்பார். கடிதத்திலும் கேட்கிறார்கள். அவசரத்தில் பாதி பதில் சொல்லிவிட்டு வருவேன், மீதி வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் ஞாபகம் வரும். அந்த மீதியையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

பிடித்தவை என்று பேச ஆரம்பித்தாலே 'காது' என்கிறீர்களே, ஏன்?

நான் தமிழைக் காதால் கற்றவள். அப்பாவுக்கு ஊர் அம்பாசமுத்திரம். மத்திய அரசு வேலை கிடைத்துத் தில்லிக்கு வந்தார். நான் பிறந்து வளர்ந்தது ஆர்.கே. புரம் குவார்ட்டர்ஸில். கதவைத் திறந்தால் இந்தியும் பஞ்சாபியும், சாத்தினால் தமிழ். அம்மாவும் அப்பாவும் பேசுகிற தமிழ், அப்புறம் ரேடியோவில் வருகிற தமிழ். எனக்குத் தெரிந்த தமிழ்நாடு அவ்வளவுதான்.

அந்த நாட்களில் தமிழ்நாடே கேட்ட ஆகாசவாணித் தமிழ்ச் செய்தி தில்லியிலிருந்துதான் வாசிக்கப்பட்டது. சரோஜ் நாராயணசுவாமி தன் பெயரைச் சொல்லிச் செய்தியைத் தொடங்கும்போது அப்பா சவரக் கத்தியைக் கீழே வைத்துவிடுவார். "இந்தம்மா நம்ம ஊர்ல உக்காந்துதான் வாசிக்காங்க" என்று அப்பா ஒரு நாள் சொன்னார். நாடாளுமன்றத் தெரு வழியாக பஸ் போகும்போதெல்லாம் ஆகாசவாணிக் கட்டடத்தை எட்டிப் பார்ப்பேன். ழகரம், ளகரம், லகரம் மூன்றும் வேறு வேறு என்று என் காதுக்குப் புரியவைத்தது அவர் குரல். பள்ளிக்கூடத் தமிழ்ப் புத்தகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போவோம். சென்னைக்கு இரண்டு ராத்திரி, அங்கிருந்து திருநெல்வேலிக்கு இன்னொரு ராத்திரி. ஆச்சி வீட்டு வாசலில் இறங்கினால் தெரு முழுக்கத் தமிழ். கீரை விற்கிறவர், பஸ் கண்டக்டர், சண்டை போடுகிறவர்கள், எல்லாரும் தமிழில்! எனக்குத் தலை கிறுகிறுக்கும். ஆச்சி 'ஏளா' என்று கூப்பிடுவதைக் கேட்பதற்காகவே கொஞ்ச நேரம் பேசாமல் ஒளிந்திருப்பேன். இன்றைக்கும் ஒரு புத்தகத்தைத் திறந்தால் கதையைவிட முன்னால் அந்த மாதிரி ஒரு குரலைத்தான் தேடுகிறேன். கீழே சொல்லியிருக்கிற எல்லாமே அப்படிக் கிடைத்தவை.

ஒரே ஒரு நாவல் என்றால்?

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்'. யோசிக்கவே வேண்டாம்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். காவேரிக் கரையில் வேத பாடசாலையில் பல வருஷம் படித்துவிட்டு அப்பு சென்னையில் இருக்கும் வீட்டுக்குத் திரும்புகிறான். தன் அம்மா அலங்காரத்துக்கு வேறொருவரோடு உறவு இருப்பது அவனுக்குத் தெரியவருகிறது. தன் பாவத்துக்குக் கழுவாயாகத்தான் அவள் ஒரு மகனை வேதம் படிக்க அனுப்பியிருக்கிறாள். கடைசியில் அவள் காசிக்குப் புறப்படுகிறாள்.

பதினேழு வயதில் தில்லித் தமிழ்ச் சங்க நூலகத்திலிருந்து எடுத்து வந்து முதல்முறை படித்தேன். அம்மா பார்த்துவிடக் கூடாது என்று ரஜாய்க்குள், அதாவது குளிர்காலப் பஞ்சுப் போர்வைக்குள், வைத்துப் படித்தேன். அப்போது எனக்கு அப்பு மட்டும்தான் தெரிந்தான். முப்பது வயதில், கைக்குழந்தை தூங்கும் நேரத்தில் மறுபடி படித்தபோது அலங்காரம் தெரிந்தாள். எவ்வளவு நிமிர்ந்து நிற்கிறாள் அவள்! ஐம்பது தாண்டிப் படித்தபோது அந்த வீட்டின் அப்பா தண்டபாணி தெரிந்தார். எல்லாம் தெரிந்துகொண்டு, எதுவும் கேட்காமல், அதே வீட்டில் காலம் தள்ளுகிற மனுஷர். மூன்று தடவையும் அதே பக்கங்கள்தான். ஜானகிராமன் யாருக்கும் தீர்ப்புச் சொல்லவில்லை. பேசவிட்டிருக்கிறார், சில இடங்களில் பேசாமல் இருக்கவும் விட்டிருக்கிறார். அவர் வானொலியில் வேலை பார்த்தவர், தில்லி நிலையத்திலும் சில வருஷங்கள் இருந்தவர். ஒரு வாக்கியத்தை எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்கிறவர் மூச்சு நிற்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

'மோகமுள்' பெரியது, அழகானது. ஆனால் கையில் எடுக்கும்போது என் கை 'அம்மா வந்தாள்' பக்கம்தான் போகிறது.

சிறுகதை?

கு. அழகிரிசாமி. 'அன்பளிப்பு' கதையை ஒருமுறை படித்தவர்களுக்கு ஸாரங்கனை மறக்க முடியாது. கதை சொல்கிறவர் சில குழந்தைகளுக்கு டைரி கொடுத்துவிட்டு இவனை விட்டுவிடுகிறார். அவன் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்து உபசரித்துவிட்டு, தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி, அவர் கொடுத்த அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்கிறான். அதில் யாரும் அழுவதில்லை, யாரும் யாரையும் குற்றம் சொல்வதில்லை. படிக்கிற நமக்குத்தான் தாங்காது.

வண்ணநிலவனின் 'எஸ்தர்' அடுத்தது. பஞ்சத்தில் ஊரைவிட்டுக் கிளம்பும் ஒரு குடும்பம், கூட்டிப்போக முடியாத ஒரு பாட்டி. ராத்திரியில் படிக்காதீர்கள்.

தில்லியைத் தமிழில் நன்றாக எழுதியவர் யார்?

ஆதவன். 'காகித மலர்கள்' நாவலில் இருக்கும் அதிகாரி வீடுகள், பார்ட்டிகள், ஆங்கிலமும் தமிழும் கலந்து யோசிக்கிற பிள்ளைகள், எல்லாம் நான் கண்ணால் பார்த்த தில்லி. மனசுக்குள் ஒருவன் தனக்குத் தானே போடும் வேஷத்தை அவர் அளவுக்குத் துல்லியமாகக் காதில் வாங்கியவர்கள் குறைவு. அவர் பிறந்தது கல்லிடைக்குறிச்சி. தாமிரபரணிக்கு இந்தக் கரையில் அது, அந்தக் கரையில் எங்கள் அப்பாவின் அம்பாசமுத்திரம். ஆற்றங்கரையில் பிறந்தவர் 1987இல் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் மூழ்கி இறந்துபோனார், வயது நாற்பத்தைந்து. 'முதலில் இரவு வரும்' தொகுப்புக்கு சாகித்திய அகாதெமி விருது வந்தபோது அவர் இல்லை. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு அப்பா அன்றைக்கு ஆபீஸ் போகவில்லை.

இந்திரா பார்த்தசாரதியும் தில்லியை உள்ளிருந்து பார்த்தவர், தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்தவர். 'தந்திர பூமி' இந்த ஊரின் அதிகார வாசனையைப் பிடித்துவைத்திருக்கிறது. 'கணையாழி' பத்திரிகை 1965இல் தில்லியில்தான் பிறந்தது என்பதை இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு நான் விடாமல் சொல்கிறேன். சென்னைக்கு எத்தனையோ மைல் தள்ளி உட்கார்ந்துகொண்டு, கஸ்தூரிரங்கனும் நண்பர்களும் தமிழில் ஓர் இலக்கியப் பத்திரிகையை ஆரம்பித்தார்கள்.

ஆனால் இவர்கள் எல்லாரும் எழுதியது பெரும்பாலும் ஆபீஸ் தில்லி. நான் காத்திருப்பது வேறொரு நாவலுக்கு. ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்கால் ஓரம் மதராசி கேம்ப் என்று ஒரு குடியிருப்பு இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து, வீட்டு வேலையும் கூலி வேலையும் செய்து, இரண்டு மூன்று தலைமுறையாக அங்கேயே வாழ்ந்த குடும்பங்கள். 2025 ஜூனில் அதை இடித்துவிட்டார்கள். ஒரு பகுதிக் குடும்பங்களுக்கு நகரத்தின் மறு கோடியில், நரேலாவில் வீடு ஒதுக்கினார்கள். அவர்கள் பேசும் தமிழ் தனி. இந்தி வினைச்சொல்லுக்குத் தமிழ் விகுதி சேர்ந்து ஓடும், நடுவே ஊர்ப் பழமொழி ஒன்று முழுசாக வந்து விழும். அந்தக் குரலில் ஒரு நாவல் வர வேண்டும். அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தியே எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இந்தியில் படிப்பீர்களா?

இந்தியில் படிக்காமல் தில்லியில் எப்படி இருப்பது! கிருஷ்ணா சோப்தியின் 'மித்ரோ மர்ஜானி' எனக்கு ரொம்பப் பிடித்தது. கூட்டுக் குடும்பத்து மருமகள் மித்ரோ, தன் உடம்பின் ஆசையை வாய்விட்டுச் சொல்கிறாள். பஞ்சாபி நெடி ஏறிய அந்த இந்தியை எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி பேசக் கேட்டு வளர்ந்தேன். அதனால் முதல் பக்கத்திலேயே அந்த வீட்டுக்குள் போய்விட்டேன். அதுவும் 'அம்மா வந்தாள்' நாவலும் 1960களின் நடுவில், ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தவை. அலங்காரம் பேசாமல் வைத்திருந்ததை மித்ரோ இங்கே கத்திச் சொல்கிறாள். இரண்டு பேரையும் ஒரே திண்ணையில் உட்காரவைத்துப் பேசவிட்டால் எப்படி இருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

சினிமாவில்?

முதலில் ஞாயிற்றுக்கிழமை மதியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூர்தர்ஷனில் அப்போது மாநில மொழிப் படங்கள் போடுவார்கள், கீழே ஆங்கில வரிகளோடு. தமிழ்ப் படம் என்று தெரிந்தால் எங்கள் வீட்டில் சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிடும். பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் பின்னல் ஊசியோடு வந்து உட்கார்ந்துவிடுவார். எங்களுக்கு முன்னால் சிரித்துவிடுவார், வரியை வேகமாகப் படித்துவிடுவதால்.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) எனக்கு எல்லாப் படங்களுக்கும் மேல். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதால், சுதா என்ற நடுத்தர வர்க்கத்துப் பெண் சொந்தமாக ஒரு வீடு கட்ட முயல்கிறாள். அவ்வளவுதான் கதை. சிமெண்ட், கடன், லஞ்சம், மழை. அர்ச்சனாவுக்கு இதற்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனால் என் கண்ணில் நிற்பது தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர். பாதி கட்டிய வீட்டைப் பார்க்க அந்தக் கிழவர் தனியாகப் போகிறார். பூசாத சுவரைத் தொட்டுத் தடவிப் பார்க்கிறார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். திரும்பி வரும் வழியில் இறந்துபோகிறார். படத்தில் பாட்டு கிடையாது. இளையராஜா 1986இல் வெளியிட்ட 'ஹௌ டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்த இசைதான் பின்னணியில்.

குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் படம் வேறு மாதிரி வலிக்கும். நாம் பென்சிலால் உயரம் குறித்துவைத்த சுவர் நம்முடையது இல்லை. அப்பா ஓய்வு பெற்ற சில மாதத்தில் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் அப்பா கொடுத்துவிட்டு வந்த அன்று, காலி அறைகளில் ஒவ்வொரு சுவரையும் தொட்டுப் பார்த்தார். எனக்கு அந்தத் தாத்தாதான் ஞாபகம் வந்தார். இப்போது இருவரும் எனக்கு ஒருவர்தான்.

மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) அடுத்து. புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து ஒரு பொறி எடுத்து, தனக்கென்று ஒரு கிராமத்தையே உண்டாக்கினார். ஊரார் சேர்ந்து ஒருவனை ஆற்றுக்கு நடத்திக்கொண்டு போகும் கடைசிக் காட்சியில் வசனம் எவ்வளவு குறைவு என்று கவனியுங்கள்.

'அக்ரகாரத்தில் கழுதை' (1977) பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒரு தகவல்: ஜான் ஆபிரகாம் இயக்கிய அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதிய வெங்கட் சாமிநாதன் தில்லியில் வேலை பார்த்தவர். தமிழ் சினிமாவின் துணிச்சலான ஒரு படத்துக்கு இந்த ஊரிலும் வேர் இருக்கிறது.

தமிழ் அல்லாத படங்களில் எம்.எஸ். சத்யுவின் 'கரம் ஹவா' (1973). பிரிவினைக்குப் பிறகு ஆக்ராவில் தங்கிவிட்ட ஒரு முஸ்லிம் குடும்பம் வீட்டை இழக்கிறது. வயதான அம்மா கிளம்ப மாட்டேன் என்று விறகு அறைக்குள் போய் ஒளிந்துகொள்கிறாள். பாருங்கள், இதுவும் வீடு. நான் வேண்டுமென்று தேர்ந்தெடுக்கவில்லை, எனக்குப் பிடித்த படங்களை வரிசையாக வைத்தால் எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் வீட்டை விட்டுப் போகிறார்.

இசையில் யாரை அதிகம் கேட்கிறீர்கள்?

நாகஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம். காருகுறிச்சி அம்பாசமுத்திரத்துக்குப் பக்கம்தான். அப்பா சின்ன வயதில் கோயில் திருவிழாவில் அவர் வாசித்ததை நேரில் கேட்டவர். விடிய விடிய வீதியில் நின்று கேட்டுவிட்டு, அப்படியே ஆற்றில் குளித்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாராம். டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர் அருணாசலம். குருவின் வேகமும் இருக்கும், குழைவு மட்டும் இவருடையது. 1964இல், நாற்பது வயதைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தபோது போய்விட்டார்.

'கொஞ்சும் சலங்கை' (1962) படத்தில் எஸ். ஜானகி பாடும் 'சிங்கார வேலனே தேவா' எல்லாருக்கும் தெரியும். கூட வரும் நாகஸ்வரம் இவர்தான். ஆபேரி ராகம். குரலும் நாகஸ்வரமும் ஒன்றையொன்று துரத்துகிற இடத்தில், எது மூச்சு, எது நாகஸ்வரத்தில் வைத்து ஊதும் சீவாளி என்று எனக்கு இன்னும் பிரித்துச் சொல்ல வராது. தில்லி ஜனவரியில், ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டத்தில் எதிர் பிளாக்கே தெரியாத காலையில், இந்தப் பாட்டைப் போட்டால் அப்பா ரஜாயைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். கேசட் தேய்ந்து ஜானகியின் குரல் கம்மிப்போன பிறகும் அதையே போட்டோம்.

இன்னொருவர் இந்துஸ்தானிப் பாடகர் குமார் கந்தர்வா. கன்னடம் பேசும் வீட்டில் பிறந்தவர். காசநோயில் ஒரு நுரையீரல் கெட்டுப்போய், சில வருஷம் பாடவே கூடாது என்று மத்தியப் பிரதேசத்து தேவாஸில் படுத்திருந்தார். அப்போது தெருவில் போகிறவர்கள் பாடிய மால்வா நாட்டுப்பாடல்களைப் படுக்கையிலிருந்தே காதில் வாங்கிக்கொண்டார். எழுந்து வந்து பாடிய கபீர் பஜன்களில் அந்தத் தெரு இருக்கிறது. மூச்சு குறைவானவர் என்பதால் வரிகள் சின்னச் சின்னதாக வெட்டி வரும், நடுவில் மௌனம் நிற்கும். எழுத்தில் எங்கே நிறுத்த வேண்டும் என்று நான் கற்றுக்கொண்டது ஜானகிராமனிடமும் இவரிடமும்தான்.

இளையராஜாவா, ரகுமானா?

இளையராஜா. 'உதிரிப்பூக்கள்' படத்தில் வரும் 'அழகிய கண்ணே' ஒன்று போதும். அதைப் பாடியதும் ஜானகிதான். 'ரோஜா' (1992) வந்தபோது என் இந்திக்காரத் தோழிகள் எல்லாரும் அதை இந்தியில் பாடிக்கொண்டு திரிந்தார்கள். தமிழில் இதுதான் மூலம் என்று நான் பாடிக் காட்டிய அந்த மாதங்களுக்காக ரகுமானுக்கு என் நன்றி எப்போதும் உண்டு.

எழுதும்போது பாட்டு ஓடுமா?

ஓடாது. எழுதும்போது யாராவது பேசுகிற குரல் எனக்குக் கேட்டாக வேண்டும், பாட்டு அதை மூடிவிடும்.

எல்லாரும் கொண்டாடுவதில் உங்களுக்குப் பிடிக்காதது?

கொஞ்சம் தயக்கத்தோடு சொல்கிறேன், 'பொன்னியின் செல்வன்'. கல்கியின் உழைப்பும் கதைப் பின்னலும் பெரியவை, சந்தேகமே இல்லை. ஆனால் அதில் வருகிற படகுக்காரியும் இளவரசியும் ஒற்றனும் என் காதுக்கு ஒரே குரலில்தான் பேசுகிறார்கள். அம்மாவுக்கு அது உயிர். வாராவாரம் வந்ததைக் கிழித்துத் தைத்து யாரோ பைண்டு செய்த தொகுதிகளை ஊரிலிருந்து டிரங்குப் பெட்டியில் தூக்கிவந்தாள். குளிர்காலத்தில் மொட்டை மாடி வெயிலில் ஆரஞ்சு உரித்தபடி அவள் அதைப் படித்துக்கொண்டிருந்த முகத்துக்காக, அந்தத் தொகுதிகளை இன்றும் என் அலமாரியின் நல்ல தட்டில் வைத்திருக்கிறேன்.

கவிதை?

குறுந்தொகை. நானூற்று ஒரு பாட்டு, பெரும்பாலும் நாலிலிருந்து எட்டு வரி. உரையைப் பார்ப்பதற்கு முன்னால் வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிப் பாருங்கள். பாதி அர்த்தம் ஓசையிலேயே வந்துவிடும். மார்கழியில் மட்டும் திருப்பாவை. இங்கே மலை மந்திர் முருகன் கோயில் படியேறும்போது முன்னால் போகிறவரின் முதுகுகூடப் பனியில் தெரியாது, மேலேயிருந்து சத்தம் மட்டும் வரும்.

இதையெல்லாம் தில்லியில் எங்கே தேடுவது?

ஆர்.கே. புரம் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் முதல் இடம். பழைய புத்தகம் என்றால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. தரியாகஞ்ச் நடைபாதையில் பல பத்தாண்டுகள் நடந்தது, 2019இல் தில்லி கேட் பக்கம் மகிளா ஹாட்டுக்கு மாறியது. தமிழ்ப் புத்தகம் அபூர்வமாகத்தான் கிடைக்கும். விற்பவருக்கு எழுத்து தெரியாது, தலைகீழாக அடுக்கியிருப்பார். அதனால் முதுகைப் பார்க்காமல் பிரித்துப் பாருங்கள். அங்கே ஒருமுறை அழகிரிசாமியின் தொகுப்பு ஒன்று எனக்குக் கிடைத்தது. முதல் பக்கத்தில் சரோஜினி நகர் குவார்ட்டர்ஸ் நம்பர் ஒன்றும், 'அம்மாவுக்கு, கண் ஆபரேஷன் முடிந்ததும் படிக்க' என்று மசியில் ஒரு வரியும் இருந்தன.

என் பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

தில்லியில் அதிகம் கேட்கப்படுவது இதுதான். படிக்கச் சொல்லாதீர்கள், படித்துக் காட்டுங்கள். என் மகளுக்கு எட்டு வயதில் அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையைப் படித்துக் காட்டினேன். பணக்கார வீட்டுப் பையனும் ஏழை வீட்டுப் பிள்ளைகளும் என்னிடம் என்ன இருக்கிறது, உன்னிடம் என்ன இருக்கிறது என்று போட்டி போடுவார்கள். தீபாவளிக்கு முந்தின ராத்திரி ஏழை வீட்டுக்கு ஓர் அநாதைப் பையன் வருவான். பெயர் ராஜா. அந்த வீட்டு அம்மா தாயம்மாள் அவனைக் குளிப்பாட்டித் தன் பிள்ளையாகச் சேர்த்துக்கொள்வாள். பணக்கார வீட்டுக்கு ஜமீன் மாப்பிள்ளை வந்திருப்பார், அவர்களுக்கு அவர்தான் ராஜா. எங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருக்கிறான் என்று ஏழை வீட்டுச் சிறுமி சொல்வாள்.

அந்தப் போட்டிப் பேச்சு வரும் இடங்களில் குரலை மாற்றிப் படியுங்கள், பிள்ளைகள் தானாகக் கூடச் சேர்ந்துகொள்வார்கள். கஷ்டமான சொல் வந்தால் நிறுத்தி விளக்க வேண்டாம், ஓட்டத்தில் புரிந்துவிடும். ஒரே ராத்திரியில் முடித்துவிடலாம். 'அன்பளிப்பு' அப்புறம் இருக்கட்டும், பத்து வயதுக்கு மேல்.